டிராய் குதிரை எந்தக் கதையில் வருகிறது?

கணினிக்குள் நல்ல பிள்ளை போல நுழைந்து, பிறகு வேலையைக் காட்டும் ஒரு வகை நச்சு மென்பொருளை ‘டிரோஜன்’ என்பார்கள். டிராய் நகரத்து மரக்குதிரைக் கதையிலிருந்து வந்த பெயர் அது. அந்தக் கதை எந்த நூலில் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் தயங்காமல் “ஹோமரின் இலியட்” என்பார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். இலியட்டைக் கடைசி வரை படித்து முடித்தபோதுதான் தெரிந்தது, அதில் குதிரையே கிடையாது. டிராய் இளவரசன் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு இலியட் முடிந்துவிடுகிறது. டிராய் நகரம் அப்போது இன்னும் விழவில்லை. ஹோமரின் இன்னொரு காப்பியமான ஒடிசியில் குதிரை வருகிறது, ஆனால் பழைய கதையை யாரோ நினைவுகூரும் சில இடங்களில், சுருக்கமாக.

கடற்கரையில் கிரேக்கர்கள் விட்டுப்போன குதிரை. பொய்யாக அழுது ஊரை நம்பவைக்கும் சினான். “பரிசோடு வந்தாலும் கிரேக்கர்களைக் கண்டு அஞ்சுகிறேன்” என்று எச்சரிக்கும் பூசாரி லாவோகூன். கடலிலிருந்து வந்து அவரையும் இரண்டு மகன்களையும் சுற்றி நெரிக்கும் பாம்புகள். இப்படி விரிவாக அந்தக் கதை நம்மிடம் வந்து சேர்ந்தது வர்ஜில் என்ற ரோமானியக் கவிஞரின் ஈனியட் காப்பியத்தால், அதன் இரண்டாம் காண்டத்தால்.

ஆக, ஹோமரின் பெயரில் நாம் சுமந்துகொண்டிருப்பதில் ஒரு பகுதி வர்ஜிலின் சரக்கு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வர்ஜிலைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு, அவர் ஹோமரைக் காப்பியடித்தார் என்பது. இன்னொரு பக்கம், பாடநூல்களில் “பிற்கால ஐரோப்பிய இலக்கியத்தில் வர்ஜிலின் தாக்கம் மிகப் பெரியது” என்று ஒரு வரி இருக்கும். முதல் பேச்சு தவறு. இரண்டாவது சரிதான், ஆனால் அதிலிருந்து நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. தாக்கம் என்றால் என்ன? ஒரு கவிஞர் இன்னொருவருக்குள் எப்படிப் போகிறார்? அதைத்தான் இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

## முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்

வர்ஜில் கி.மு. 70இல் வட இத்தாலியில், மான்டுவா நகருக்கு அருகே ஆண்டீஸ் என்ற கிராமத்தில் பிறந்தார். அவருடைய வாலிபம் முழுக்க உள்நாட்டுப் போர். போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்குக் கொடுக்க நிலம் வேண்டியிருந்தது. மான்டுவா பக்கத்து விவசாயிகளின் நிலங்கள் பறிக்கப்பட்டன. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவனின் துயரம் அவருடைய முதல் நூலான ஆயர் பாடல்களிலேயே இருக்கிறது. இரண்டாவது நூல், உழவைப் பற்றிய நான்கு காண்டப் பாட்டு. மூன்றாவதுதான் ஈனியட். பன்னிரண்டு காண்டம், 9,896 வரி.

கதை இதுதான். டிராய் எரிகிறது. ஈனியஸ் என்ற டிராய் வீரன் கிழத் தகப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு, சின்ன மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறுகிறான். வழியில் மனைவி தொலைந்து இறந்துபோகிறாள். கடலில் அலைந்து ஆப்பிரிக்கக் கரையில் கார்த்தேஜ் நகரத்தில் ஒதுங்குகிறான். அந்நாட்டு அரசி டிடோ அவனைக் காதலிக்கிறாள். “உன் விதி இத்தாலியில் இருக்கிறது” என்று தெய்வ ஆணை வர, அவன் கிளம்பிவிடுகிறான். அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். பாதாளம் சென்று இறந்த தந்தையின் ஆவியைப் பார்க்கிறான். இத்தாலியில் இறங்கி, அங்கிருந்தவர்களோடு போரிட்டு வெல்கிறான். அவன் வழித்தோன்றல்களே பின்னாளில் ரோமை நிறுவுவார்கள்.

வர்ஜில் எழுதிய விதத்தைப் பழைய வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. முதலில் முழுக் கதையையும் உரைநடையில் எழுதிவைத்துக்கொண்டார். பிறகு தோன்றிய இடத்தை எடுத்துச் செய்யுளாக்கினார். வேகம் தடைப்படக் கூடாது என்று சில இடங்களில் தற்காலிக வரிகளைப் போட்டார். “நிலையான தூண் வரும்வரை கட்டடத்தைத் தாங்க வைக்கும் முட்டுக்கட்டை” என்று விளையாட்டாகச் சொல்வாராம். அந்தத் தூண்கள் வரவே இல்லை. கி.மு. 19இல் கிரேக்கப் பயணத்தில் காய்ச்சல் கண்டு, புருண்டிசியம் துறைமுகத்தில் இறந்தார். காப்பியத்தை எரித்துவிடும்படி கேட்டிருந்தார். பேரரசர் அகஸ்டஸ் தடுத்து, வாரியஸ், டுக்கா என்ற இரு நண்பர்களைக் கொண்டு வெளியிடச் செய்தார். இன்றைக்கும் ஈனியட்டில் பாதியிலேயே நிற்கும் வரிகள் ஐம்பதுக்கு மேல் உண்டு.

## காப்பியா?

ஈனியட்டின் முதல் ஆறு காண்டம் அலைச்சல், ஒடிசி மாதிரி. அடுத்த ஆறு போர், இலியட் மாதிரி. முதல் வரியே “போரையும் ஒரு மனிதனையும் பாடுகிறேன்” என்று தொடங்குகிறது. போர் என்றால் இலியட். ‘மனிதன்’ என்பது ஒடிசியின் முதல் சொல். இரண்டு ஹோமர் காப்பியங்களையும் ஒரே வரியில் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் வர்ஜில் ஆரம்பிக்கிறார். திருடுகிறவர் இப்படிச் செய்வாரா?

அவர் காலத்துக்குச் சற்றுப் பின்னாலேயே சிலர் ‘வர்ஜிலின் திருட்டுகள்’ என்று பட்டியல் போட்டார்கள். ஒருவர் இரவல் வரிகளை எட்டுத் தொகுதியாகவே தொகுத்தார். இந்த மாதிரிப் பேச்சுக்கு வர்ஜில் சொன்னதாக ஒரு பதில் வழங்குகிறது: “அவர்களும் முயன்று பார்க்கட்டுமே. ஹெர்குலிஸின் கையிலிருந்து கதாயுதத்தைப் பிடுங்குவது எளிது, ஹோமரிடமிருந்து ஒரு வரியைப் பிடுங்குவது கடினம்.”

ஒரு சினிமா உதாரணம் எடுத்துக்கொள்வோம். பழைய படத்தில் கதாநாயகன் உணர்ச்சி பொங்கப் பேசிய ஒரு வசனம். இருபது வருடம் கழித்து இன்னொரு படத்தில் நகைச்சுவை நடிகர் டீக்கடை பாக்கியைப் பற்றிப் பேசும்போது அதே வசனத்தை அப்படியே சொல்கிறார். தியேட்டர் அதிர்கிறது. இதைக் காப்பி என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். காப்பியடிப்பவருக்கு மூலம் தெரியக் கூடாது, தெரிந்தால் மாட்டிக்கொள்வார். இங்கே நேர்மாறு, மூலம் தெரியாவிட்டால் சிரிப்பே வராது. பழைய காட்சியும் புதிய காட்சியும் உங்கள் மனதில் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது.

முந்தைய நூல் வாசகரின் காதில் விழும்படி வேண்டுமென்றே எழுதப்படும் இந்த உத்தியை இந்தக் கட்டுரையில் ‘எதிரொலி’ என்று அழைக்கிறேன். அதற்கு மூன்று பேர் வேண்டும்: பழைய நூல், புதிய நூல், இரண்டையும் அறிந்த வாசகர். மூன்றாம் ஆள் இல்லாவிட்டால் அது வெறும் ‘மூலம்’. எழுதியவர் எங்கிருந்து எடுத்தார் என்ற தகவல், அவ்வளவுதான்.

நமக்கு இது புதிதும் இல்லை. முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூலை மதிப்போடு வகைப்படுத்திய இலக்கண மரபு நம்முடையது. முன்னோரின் பொருளை மட்டுமல்ல, அவர்களின் சொல்லையும் பொன்னே போல் போற்றுவோம் என்கிறது நன்னூல்.

இதுவரை பார்த்தது: வர்ஜில் ஹோமரை மறைக்கவில்லை, காட்டுகிறார். காப்பிக்கு மறதி வேண்டும். எதிரொலிக்கு நினைவு வேண்டும்.

## ஒரு மௌனம் எப்படி வேலை செய்கிறது

சரி, இப்போது நிஜமான இடத்துக்குப் போவோம்.

ஒடிசியில் அதன் நாயகன் ஒடிசியஸ் இறந்தோர் உலகின் வாசலுக்குப் போகிறான். அங்கே பழைய தோழன் அஜாக்ஸின் ஆவி நிற்கிறது. இறந்த கிரேக்க வீரன் அக்கிலீஸின் கவசம் யாருக்கு என்ற போட்டியில் ஒடிசியஸ் ஜெயித்தான். அவமானம் தாங்காமல் அஜாக்ஸ் தன்னைத்தானே கொன்றுகொண்டான். ஒடிசியஸ் நயமாகப் பேசிப் பார்க்கிறான். அஜாக்ஸ் பதிலே சொல்லாமல் மற்ற ஆவிகளிடம் போய்விடுகிறான்.

ஈனியட் ஆறாம் காண்டம். பாதாளத்தில் ஈனியஸ் நடக்கிறான். மரநிழலில், இளம்பிறையை மேகத்துக்குள் கண்டோமா, கண்டதாக நினைத்தோமா என்று ஐயுறுவது போல, மங்கலாக ஓர் உருவம். டிடோ. அவள் இறந்தது அப்போதுதான் அவனுக்கு உறுதியாகிறது. “என் விருப்பத்தோடு உன் கரையை விட்டுப் போகவில்லை, அரசியே” என்று அழுகிறான். அவள் கண்ணைத் தரையில் பதித்தபடி கல்லாக நின்றுவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் முன்னாள் கணவனின் ஆவியிடம் திரும்பிப் போகிறாள்.

ஹோமரை அறியாதவருக்கும் இந்த இடம் வலிக்கும். அறிந்தவருக்கோ கூடுதலாக ஒன்று நடக்கிறது. ஆயுதத்துக்காக உயிர்விட்ட வீரனின் மௌனம், காதலால் உயிர்விட்ட பெண்ணின் மௌனமாக மாறியிருக்கிறது. டிடோவை வர்ஜில் போர்வீரர்களின் வரிசையில் நிறுத்திவிட்டார். அவளுக்கு நேர்ந்தது தோல்வி, அநீதி, மானப் பிரச்சினை என்று ஆகிவிட்டது. அதோடு ஈனியஸ் ஒடிசியஸின் இடத்தில், அதாவது வார்த்தையால் சமாளிக்கப் பார்க்கும் ஆளின் இடத்தில், வந்து நிற்கிறான். இதில் எதையும் வர்ஜில் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஹோமர் சொல்லிக்கொடுக்கிறார்.

காப்பியத்தின் முடிவும் அப்படித்தான். இலியட்டின் இறுதியில், தன் மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலீஸிடமே வந்து “உன் தந்தையை நினைத்துப் பார்” என்று கேட்கிறார் டிராயின் கிழட்டு அரசர் பிரையம். அக்கிலீஸ் இளகி, உடலைக் கொடுத்தனுப்புகிறான். ஈனியட்டின் இறுதியில் தோற்று விழுந்த எதிரி டர்னஸும் தந்தையின் பெயரால்தான் கெஞ்சுகிறான். ஈனியஸ் ஒரு கணம் தயங்குகிறான். டர்னஸின் தோளில், அவன் கொன்ற தன் இளம் தோழனின் கச்சை கண்ணில் படுகிறது. கோபத்தில் கத்தியை இறக்கிவிடுகிறான். அங்கேயே காப்பியம் நின்றுவிடுகிறது. ஈனியட் வெறும் அரச புகழ்ச்சி என்று சொல்பவர்கள் இந்த முடிவை எப்படித் தாண்டிப் போகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. ஹோமரின் அக்கிலீஸ் மன்னித்த இடத்தில் ரோமின் மூதாதை மன்னிக்கவில்லை.

எதிரொலி இரட்டை முனைக் கத்தி என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் நினைவு அருங்காட்சியகத்தில், “எந்த நாளும் உங்களைக் காலத்தின் நினைவிலிருந்து அழிக்காது” என்ற வர்ஜில் வரி, இடிந்த கோபுரங்களின் எஃகில் செய்த எழுத்துகளால் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. தனியாகப் படித்தால் பொருத்தமான வரி. ஈனியட்டின் ஒன்பதாம் காண்டத்தில் அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது? இரவில் எதிரி முகாமுக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களை வெட்டித் தள்ளிவிட்டுப் பிறகு கொல்லப்பட்ட நைசஸ், யூரியலஸ் என்ற இரு இளைஞர்களை. லத்தீன் படித்தவர்கள் சங்கடத்தோடு கேள்வி எழுப்பினார்கள். ஒரு வரியை எடுத்தால் அதன் வீடும் பின்னாலேயே வரும்.

## எல்லோர் தலைக்குள்ளும் போனது எப்படி

எதிரொலிக்கு மூலம் அறிந்த வாசகர் வேண்டும் என்றோமே, அவ்வளவு வாசகர் எங்கிருந்து வந்தார்கள்? பள்ளிக்கூடத்திலிருந்து. வர்ஜில் உயிரோடு இருந்த காலத்திலோ அதையொட்டியோ அவர் பாடமாகிவிட்டார். எழுதப் படிக்கத் தெரிந்த ரோமானியப் பையன் என்றால் வர்ஜிலை மனப்பாடம் செய்திருப்பான்.

கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரச் சுவர்களில் ஈனியட்டின் தொடக்கச் சொற்கள் பல இடங்களில் கிறுக்கப்பட்டிருக்கின்றன. எனக்குப் பிடித்தது ஒரு வீட்டு முகப்பில் இருந்தது. தந்தையைச் சுமந்து செல்லும் ஈனியஸின் ஓவியம் அங்கே இருந்தது, பக்கத்தில் எவனோ ஒரு குறும்பன் எழுதிவைத்தான்: “துணி வெளுப்பவர்களையும் ஆந்தையையும் பாடுகிறேன், போரையும் மனிதனையும் அல்ல.” மேலே சொன்ன டீக்கடை வசனம்தான், இரண்டாயிரம் வருடம் முன்னால். ரோமானியப் பிரிட்டனின் வட எல்லையில் விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மரப்பலகை ஒன்றிலும் ஈனியட் வரி, எழுதிப் பழகிய மாதிரி, இருக்கிறது.

பிறகு ரோம் கிறிஸ்தவமாகியது. பழைய தெய்வங்கள் நிறைந்த இந்தக் காப்பியத்தை மூட்டை கட்டிப் பரணில் போட்டிருக்க வேண்டும். நடக்கவில்லை. புனித அகஸ்தீன் தம் தன்வரலாற்றில், சிறுவயதில் டிடோவின் சாவுக்கு அழுதேனே, என் ஆன்மாவுக்காக அழவில்லையே என்று வருந்துகிறார். அந்த வருத்தத்திலேயே டிடோ எவ்வளவு ஆழமாக உள்ளே போயிருந்தாள் என்று தெரிகிறது. நான்காம் நூற்றாண்டில் புரோபா என்ற பெண் கவிஞர், வர்ஜிலின் வரிகளையும் பாதி வரிகளையும் வெட்டி ஒட்டியே விவிலியக் கதையைச் சொல்லிவிட்டார். ஒட்டுத்துணி என்று பொருள்படும் ‘சென்டோ’ அந்த வகைக் கவிதைக்குப் பெயர். வர்ஜிலின் ஆயர் பாடல் ஒன்றில் பொற்காலத்தைக் கொண்டுவரும் குழந்தையைப் பற்றிய பேச்சு வருகிறது. அதை இயேசுவின் வருகைக்கான முன்னறிவிப்பு என்றே இடைக்காலத்தில் பலர் எடுத்துக்கொண்டார்கள். நேப்பிள்ஸ் பக்கத்து மக்களோ இன்னும் ஒரு படி மேலே போய் அவரை மந்திரவாதியாக்கிக் கதை கட்டினார்கள்.

ஆக, தாக்கத்தின் முதல் கட்டம் கவிஞர்களால் நடப்பதில்லை. வாத்தியார்களால் நடக்கிறது.

## இலைகள்

ஒரே ஓர் உவமையைப் பின்தொடர்ந்து போனால் மற்றதெல்லாம் புரியும்.

இலியட்டில் போர்க்களத்தில் ஒருவன் “உன் குலம் என்ன?” என்று கேட்கிறான். எதிரே நிற்பவன் சொல்கிறான்: மனிதத் தலைமுறைகள் இலைகளைப் போல. காற்று சிலவற்றைத் தரையில் உதிர்க்கும். வசந்தத்தில் காடு வேறு இலைகளைத் தளிர்க்கும். ஒன்று போக இன்னொன்று வரும்.

வர்ஜில் அந்த இலைகளைப் பாதாளத்துக்குக் கொண்டுபோகிறார். ஆற்றங்கரையில், மறுகரைக்குப் போகத் துடிக்கும் ஆவிகள் கூடியிருக்கின்றன. இலையுதிர் காலத்தின் முதல் குளிரில் காட்டில் உதிரும் இலைகள் அத்தனை. குளிர் விரட்ட, கடல் தாண்டி வெயில் நாடுகளுக்குப் போகத் திரளும் பறவைகள் அத்தனை. ஹோமரின் வசந்தம் இங்கே இல்லை. தளிர்ப்புக்குப் பதிலாகப் பறவைகள். மறுகரையின் ஏக்கத்தில் கைகளை நீட்டுகின்றன ஆவிகள்.

பதினான்காம் நூற்றாண்டில் இத்தாலியக் கவிஞர் தாந்தே அதே ஆற்றங்கரைக்கு வருகிறார். அவர் நரகத்தில் இலைகள் மொத்தமாக உதிர்வதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக உதிர்கின்றன, கிளை தன் உடைமைகள் முழுவதையும் தரையில் பார்க்கும்வரை. பறவைகளும் கூட்டமாக இல்லை. அழைப்பைக் கேட்டு இறங்கும் ஒற்றை வேட்டைப் பறவை. காரணம் தெளிவு. கிறிஸ்தவத்தில் பாவம் தனித்தனி. ஒவ்வொருவனும் தன் கணக்கோடு தானே போய் விழுகிறான். ‘ஒன்றன்பின் ஒன்றாக’ என்ற அந்தச் சின்ன மாற்றத்தில் ஒரு மதமே மாறியிருக்கிறது.

ஆங்கிலக் கவிஞர் மில்டன் 1667இல் வெளியிட்ட தம் காப்பியத்தில், நரக ஏரியில் மயங்கிக் கிடக்கும் வீழ்ந்த தேவதூதர்களை வல்லம்புரோசா ஓடைகளில் கிடக்கும் இலையுதிர்கால இலைகளுக்கு ஒப்பிடுகிறார். இத்தாலியில் உண்மையிலேயே இருக்கும் ஊர் அது. பெயரின் பொருள் நிழல் பள்ளத்தாக்கு. இத்தாலிய மொழியில் நிழலுக்கும் ஆவிக்கும் ஒரே சொல். உவமையின் பிறப்பிடத்தை ஊர்ப்பெயருக்குள்ளேயே ஒளித்துவைத்திருக்கிறார்.

1819இல் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி, பிளாரன்ஸ் அருகே ஒரு காட்டில், மேற்குக் காற்றைப் பார்த்துப் பாடுகிறார். அவர் கண்முன் நிஜமான இலைகள் பறக்கின்றன, மந்திரவாதியைக் கண்டு ஓடும் ஆவிகளைப் போல. உவமை தலைகீழாகிவிட்டது. இதுவரை ஆவிகள் இலைகளைப் போல இருந்தன. இப்போது இலைகள் ஆவிகளைப் போல இருக்கின்றன. அப்புறம், செத்த என் எண்ணங்களையும் காய்ந்த இலைகளாக உலகெங்கும் ஓட்டு, புதுப் பிறப்பு வரட்டும் என்று கேட்கிறார். வசந்தம் வெகு தொலைவிலா இருக்கும் என்று முடிக்கிறார். வர்ஜில் எடுத்துவிட்ட வசந்தம் 1,800 ஆண்டுக்கு மேல் கழித்துத் திரும்பிவந்துவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒவ்வொருவரும் எதை வைத்துக்கொண்டார் என்பதைவிட எதை மாற்றினார் என்பது. மாற்றம்தான் அவர் சொல்ல வந்த செய்தி.

## கைக்குள் சிக்காத தகப்பன்

தாந்தேவிடம் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் வர்ஜிலைப் படித்ததோடு நிற்கவில்லை, ஒரு பாத்திரமாகவே உள்ளே கூட்டிவந்துவிட்டார். அவருடைய காப்பியமான தெய்வீக இன்பியலில் நரகத்தையும், ஆவிகள் பாவம் கழுவும் மலையையும் சுற்றிக் காட்டும் வழிகாட்டி வர்ஜில்தான். “நீயே என் ஆசான்” என்று முதல் பாடலிலேயே சொல்லிவிடுகிறார் தாந்தே.

ஆவியைத் தழுவும் காட்சி ஒன்று உண்டு. ஒடிசியஸ் தன் தாயின் ஆவியை மூன்று முறை தழுவப் பார்க்கிறான். மூன்று முறையும் நழுவிவிடுகிறது. வர்ஜிலில் ஈனியஸ், எரியும் டிராயில் மனைவியின் ஆவியை மூன்று முறை. பாதாளத்தில் தந்தையின் ஆவியை மூன்று முறை, அதே வரிகளில். தாந்தே மலையடிவாரத்தில் பாடகன் கசெல்லாவைச் சந்திக்கிறார். நண்பன் ஓடிவந்து அணைக்க வருகிறான். இவரும் மூன்று முறை கைகளை நீட்டுகிறார். மூன்று முறையும் கை வெறுமையாகத் தம் மார்பிலேயே வந்து சேர்கிறது. வர்ஜில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், தாம் எழுதிய காட்சியை!

மலையில் மேலே ஸ்டேஷியஸ் வருகிறார். இவர் வர்ஜிலுக்கு அடுத்த நூற்றாண்டுக் காப்பியக் கவிஞர். தம் நூலின் முடிவில் அந்நூலையே பார்த்து, “தெய்வீக ஈனியட்டோடு போட்டி போடாதே, தூரத்திலிருந்து தொடர்ந்து அதன் அடிச்சுவடுகளை வணங்கு” என்று எழுதியவர். தாந்தேயின் கதையில் ஸ்டேஷியஸ் வர்ஜிலிடம் சொல்கிறார்: இரவில் விளக்கை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நடப்பவனைப் போல நீ, உனக்கு அதனால் வெளிச்சமில்லை, பின்னால் வருபவர்களுக்கு வழி தெரிந்தது. ஏனென்றால் வர்ஜில் இயேசுவுக்கு முன்னால் வாழ்ந்தவர். சொர்க்கத்துக்குள் அவருக்கு இடமில்லை.

அதனால் ஒரு கட்டத்தில் அவர் திரும்பிப் போயாக வேண்டும். மலையுச்சியில் தாந்தேயின் இளமைக் காதலி பியாட்ரிஸ் தோன்றுகிறாள். நடுக்கத்தில் தாந்தே, தாயிடம் ஓடும் குழந்தையைப் போல வர்ஜிலின் பக்கம் திரும்பி, “பழைய தீயின் அடையாளங்களை உணர்கிறேன்” என்று சொல்ல வாயெடுக்கிறார். வர்ஜில் அங்கே இல்லை. போய்விட்டார்.

அந்த வாக்கியம் ஈனியட்டின் நான்காம் காண்டத்தில் டிடோ, ஈனியஸ்மேல் காதல் அரும்புவதை உணர்ந்து தங்கையிடம் சொன்ன வாக்கியம். வர்ஜிலின் வரியை இத்தாலியத்தில் வர்ஜிலிடமே சொல்லத் திரும்பும்போது கேட்க ஆளில்லை. தழுவப் போய்க் கைக்குள் சிக்காத தகப்பனின் ஆவி இப்போது வர்ஜிலே. ‘தாக்கம்’ என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எந்த விமர்சகரும் எழுதியதில்லை என்று நினைக்கிறேன்.

## மறுத்துப் பேசியவர்கள், கப்பலேறியவர்கள்

தாக்கம் என்றால் பக்தி மட்டும் இல்லை. லூக்கன் என்ற ரோமானியர் சீசரின் உள்நாட்டுப் போரைக் காப்பியமாக்கினார். கதையை நடத்தும் தெய்வங்களைத் தூக்கிவிட்டார். தெய்வமில்லாத அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் வாசகருக்கு வர்ஜில் ஞாபகம் வருகிறார். நம் காலத்தில், ஈனியஸ் மணக்கப்போகும் இத்தாலிய இளவரசி லவினியா ஈனியட்டில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, உர்சுலா லெ குவின் 2008இல் அவளே கதை சொல்லும் நாவலை எழுதினார்.

1572இல் போர்த்துகீசியக் கவிஞர் கமோயிஷ் வாஸ்கோ ட காமாவைப் பற்றி எழுதிய காப்பியம் “போர்க்கலங்களையும் பேர்பெற்ற வீரர்களையும்” என்று தொடங்குகிறது. ‘மனிதன்’ பன்மையாகியிருப்பதைக் கவனியுங்கள். ஒருவனின் கதை ஒரு நாட்டின் கதையாகிவிட்டது. ஈனியஸுக்கு உதவிய வீனஸ் தெய்வம் இங்கே போர்த்துகீசியருக்கு உதவுகிறாள். கப்பல்கள் வந்து சேரும் இடம் கோழிக்கோடு. பத்தாம் காண்டத்தில் புனித தோமையாரின் கதையோடு மயிலாப்பூரே வருகிறது. நம்மைப் போன்ற வாசகருக்கு இந்த எதிரொலி கொஞ்சம் வேறு மாதிரி கேட்கும். ஈனியஸ் வந்திறங்கியபோது கரையில் நின்ற இத்தாலியர்களின் இடத்தில் நாம் நிற்கிறோம்.

ஆங்கிலத்தில் நடந்தது தனிக் கதை. பதினாறாம் நூற்றாண்டில் சரே பிரபு ஈனியட்டின் இரண்டு காண்டங்களை மொழிபெயர்க்க, இயைபு இல்லாத ஒரு புதிய யாப்பைக் கையாண்டார். பிற்பாடு ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பெரும்பகுதியும் மில்டனின் காப்பியமும் அந்த யாப்பில்தான். மில்டன் முதலில் பத்துக் காண்டமாக வெளியிட்டதை 1674இல் பன்னிரண்டாகப் பிரித்தார். ஈனியட்டின் கணக்கு.

## மான்டுவாவிலிருந்து ஒருவர்

1680இல் வர்ஜிலின் மான்டுவா வட்டாரத்திலேயே, காஸ்திலியோனே என்ற ஊரில், ஒருவர் பிறந்தார். இயேசு சபைத் துறவியாகித் தமிழகம் வந்து வீரமாமுனிவர் ஆன பெஸ்கிதான் அவர். இயேசு சபைப் பள்ளிகளின் 1599 பாடத்திட்டம், கவிஞர்களில் முக்கியமாக வர்ஜிலைப் படிக்கச் சொன்னது. சில ஆயர் பாடல்களும் டிடோவின் நான்காம் காண்டமும் மட்டும் வேண்டாம் என்றது. பிள்ளைகள் எந்தக் காண்டத்தை முதலில் தேடிப் படித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவர் 1726இல் முடித்த தேம்பாவணியில் (மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்) வர்ஜிலின் தாக்கம் உண்டு என்று பேசுவோர் உண்டு. நாம் கையில் வைத்திருக்கும் அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கலாம். வர்ஜில் அவருக்கு மூலமாக இருந்திருக்கலாம். எதிரொலியாக இருக்க முடியுமா? 1726இல் தேம்பாவணியைக் கேட்ட தமிழ்ப் புலவருக்கு வர்ஜில் யாரென்றே தெரியாது. மூன்றாம் ஆள் இல்லை.

அந்தப் புலவருக்குத் தெரிந்தது வேறு. தேம்பாவணி இப்படித் தொடங்குகிறது: “சீரிய உலகம் மூன்றும் செய்து அளித்து அழிப்ப வல்லாய்”. படைத்துக் காத்து அழிக்கும் மூன்று தொழில். “உலகம் யாவையும் தாம்உள ஆக்கலும் நிலைபெறுத்தலும் நீக்கலும்” என்ற கம்பன் உடனே காதில் ஒலித்திருப்பான். பாட்டு ஓடி, வளனாகிய சூசையப்பரின் “காதை அறம் முதல் விளங்கச் சொல்வாம்” என்று நிற்கிறது. கேட்டுக்கொண்டிருந்த புலவர் கம்பனை நினைத்துத் தலையாட்டியிருப்பார். சொல்லிக்கொண்டிருந்த மான்டுவாக்காரரின் காதில், அந்தச் ‘சொல்வாம்’ வந்த இடத்தில், பள்ளியில் மனப்பாடம் செய்த ‘பாடுகிறேன்’ ஒருமுறை ஒலித்து அடங்கியிருக்கலாம்.